ஜேடர்பாளையத்தில் காணாமல் போன சாமி

முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஏதாவது தொலைந்தால், தொலைந்ததைத் தேட மாட்டான். உரிய அலுவலரைத் தேடுவான். நான் அந்த ரகம்.

ஓய்வு பெற்றபின் வந்த முதல் ஆடிப் பதினெட்டு. திருச்செங்கோட்டிலிருந்து நானும் மனைவியும், மகள் வழிப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் போனோம். அவளுக்கு அப்போது மூன்று வயது. காவிரி கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை அந்த ஆற்றை நான் கோப்புகளில் கன அடியாகத்தான் பார்த்திருந்தேன். நேரில் பார்த்ததும் வாயடைத்துப் போனது. (அதிக நேரம் அடைத்திருக்கவில்லை.) பக்கத்தில் குளித்தவருக்கு உபரிநீர் திறக்கும் நடைமுறையை விளக்க ஆரம்பித்தேன். தப்பிப்பதற்காக அவர் முங்கினார். எழுந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால், படியில் உட்கார்ந்திருந்த பேத்தியைக் காணோம்.

சற்றுமுன் நான் வியந்த அதே தண்ணீர்தான். இப்போது பார்க்கவே முடியவில்லை. மேலே மரத்தடியில் பூசைக்குத் தயார் செய்துகொண்டிருந்த மனைவியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. தவிர, அது நடைமுறை ஆகாது. ஈர வேட்டியோடு காவல் உதவிக் கூடாரத்துக்கு ஓடினேன்.

"எங்க சாமியக் காணோம்ங்க!"

எங்கள் பக்கத்தில் குழந்தையும் சாமி, பெரியவரும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. கூடாரத்தில் இருந்த பெண் காவலர் தென் மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு ஊர் ஊராகச் சாமி சிலைகளை ஆற்றில் நீராட்டக் கொண்டுவருவார்கள். அவர் பதறி எழுந்தார்.

"எங்க வச்சிருந்தீங்க சார்?"

"படியிலதானுங்க உட்கார வெச்சிருந்தேன்."

"எவ்வளவு உயரம்?"

"மூணடி இருக்குமுங்க."

"என்ன சாத்தியிருந்தீங்க?"

(கொஞ்சம் மரியாதையான காவலர் என்று நினைத்துக்கொண்டேன்.) "மஞ்சப் பட்டுப் பாவாடைங்க. வெள்ளிக் கொலுசு, கழுத்துல செயின்."

"எங்கருந்து கொண்டு வந்தீங்க?"

"திருச்செங்கோடுங்க."

மலைக்கோயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கல்லா, பஞ்சலோகமா?"

செயினைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டுமில்லீங்க. கவரிங்."

அடுத்த நிமிடம் ஒலிபெருக்கி முழங்கியது. "பொதுமக்கள் கவனத்திற்கு! திருச்செங்கோட்டிலிருந்து நீராட்டக் கொண்டுவந்த, கவரிங் முலாம் பூசிய, மூன்றடி உயர அம்மன் சிலை திருடு போய்விட்டது!"

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிகளை மறித்துவிட்டார்கள். கரையெங்கும் கோயில்காரர்கள் தங்கள் சாமிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கன்னிமாரைக் கொண்டுவந்த கூட்டம் ஏழும் இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். இடுப்பில் பேத்தி, கையில் பாதி கடித்த மக்காச்சோளக் கருது.

"ஏனுங்க, பாவாடை நனைஞ்சிருச்சு, மாத்திக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க போனேன்! நீங்களும் சரின்னீங்க. தண்ணி தொறக்கறதப் பத்தி அந்தப் பாவப்பட்ட மனுசன்கிட்டப் பேசிட்டிருந்தீங்க!"

பெண் காவலர் குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுதான் சாமியா சார்?"

"ஆமாங்க."

செயினைத் தொட்டுப் பார்த்தார். "கவரிங்தான்." பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேத்தி அவரிடம் கருதை நீட்டினாள்.

அறிவிப்பை நானே ரத்து செய்ய வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். வாழ்நாளில் எத்தனையோ ரத்து ஆணைகள் எழுதியவன். ஆனாலும் சந்தோஷத்தில் வாயில் வந்தது இதுதான்: "சாமி கெடச்சிருச்சுங்க!"

கரை முழுக்கச் சூடம் ஏற்றினார்கள்.

பேத்தி இப்போது ஆறாம் வகுப்பு. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் குடும்பத்தில் புதிதாக ஒரு சடங்கு சேர்ந்திருக்கிறது. கடைசிப் படியில் அவள் கையை விரித்து என்னை நிறுத்துவாள்.

"அப்புச்சி, நான் காணாமப் போனா என்னன்னு சொல்லோணும்? சொல்லிட்டுத்தான் எறங்கோணும்."

"பேத்தியைக் காணோம்."

"இன்னொருக்கா."

"பேத்தியைக் காணோம்!"

குளிப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வழிவிடுவாள்.

"செரிங்க சாமி, இப்ப எறங்குங்க."