ரெண்டு வாளி சாம்பல்

"இது கரியா, சாம்பல் மூட்டையா?" ஓட்டல்காரர் அரை வாளிச் சாம்பலைக் கரியம்மாவின் காலடியில் வைத்தார். "ஒரு நாள் அடுப்புல இவ்வளவு! இது கொறையலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

விறகைச் சுட்டுக் கரியாக்கி விற்கும் கரியம்மாவிடம் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அதற்காகப் பணிந்துவிடுவாளா? "என் கரியில சாம்பலா? தேடினாலும் கெடைக்காது!" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீடு வந்ததும் முதல் வேலையாக அரிவாளைத் தீட்டினாள்.

மரப்பட்டையில்தான் சாம்பல் அதிகம். அடுத்த கரிமூட்டத்துக்கு அடுக்கும் முன் விறகையெல்லாம் பட்டை உரித்தாள். உரித்த பட்டை வாசலை அடைத்தது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் அவள் புருஷன் ஜன்னல் வழியே இறங்கி வேலைக்குப் போனார்.

அந்தக் கரி எரிந்த அன்று ஓட்டல்காரர் போன் செய்தார். "இப்ப முழு வாளிம்மா!"

"அப்ப உங்க அடுப்பு சரியில்ல!" என்று போனை வைத்தாள்.

கரிக்குள் இருந்து சாம்பலாக மிஞ்சும் உப்பெல்லாம் கரைய வேண்டுமே! வினிகரில் ஊறப்போட்டாள். அலசிப் பிழிய வீட்டு வாஷிங்மெஷின் இருக்கவே இருந்தது. மறுநாள் அதில் போட்ட கம்பவுண்டரின் வெள்ளைக் கோட்டு எருமை நிறத்தில் வெளியே வந்தது.

"என்னடி இது?"

"அழுக்குத் தெரியாதுல்ல, போட்டுக்கோங்க."

கரியைக் கட்டிலில் பரப்பி ஃபேன் போட்டுக் காயவைத்தாள். கம்பவுண்டர் தரையில் படுத்தார்.

அந்த மூட்டையும் எரிந்தது. "ரெண்டு வாளி! கணக்க முடிச்சுக்கலாம்" என்றார் ஓட்டல்காரர்.

கரியம்மா நேரே அவர் சமையலறைக்குள் நுழைந்தாள். தன் கரியில் ஒரு கூடையை எல்லோர் எதிரிலும் தட்டில் கொட்டி எரித்தாள். கடைசித் தணல் அவியும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். தட்டில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். ஊதினாள், அதுவும் போய்விட்டது.

"இவ்வளவுதான் என்னோடது. அந்த ரெண்டு வாளி யாரோடதுன்னு நீங்க சொல்லுங்க!"

ஓட்டல்காரர் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கிறவள் ஈரக்கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இவங்க கரியில ஒரு கரண்டி தேய்க்கக்கூடச் சாம்பல் மிஞ்சறதில்ல மொதலாளி. வரவர ஒரு சிட்டிகைகூட இல்ல. அதான் பக்கத்து பேக்கரி விறகடுப்புலேர்ந்து வாளி வாளியா சொமந்துட்டு வந்து நம்ம அடுப்படியில கொட்டி வெக்கறேன். இனிமேலாவது கொஞ்சம் மட்டமான கரியாப் பாத்து வாங்குங்க!"