துக்க வீட்டுக் கூரையில் ஒரு கால்

துக்க வீட்டுக்குள் கூரை வழியாக நுழைந்தவன் நான். அதுவும் ஒற்றைக் காலால் மட்டும்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடும் வேலை எனக்கு. எங்கள் முதல் குழந்தை பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. என் மனைவி செல்லம்மா அழவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். (நான் தேற்றுவதாக நினைத்துப் பேசியதெல்லாம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.)

ஆமத்தூரில் இருந்த அவள் அண்ணன், அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு பூனையைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

"மாப்ள, புது வீடு பழகுற வரைக்கும் மூணு நாளு ரூமுலயே அடைச்சு வைங்க. பாவம் பாத்துத் தொறந்துராதீக."

மறுநாளே பாவம் பார்த்தேன்.

அன்று காலைதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்திருந்தார். பூனைக்குப் பால் வைத்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். நான் அறைக்கதவைத் திறக்கவும் அங்கே வேட்டுப் போடவும் சரியாக இருந்தது. எங்கள் ஊர் வேட்டு, கேட்க வேண்டுமா? பூனை சுவரேறி, ஓட்டில் தாவி, அவர்கள் கூரையின் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டது.

செல்லம்மா வெளியே வந்து மேலே பார்த்தாள். நாலு மாதம் கழித்து வாய் திறந்தாள்.

"இதுவும் போயிருச்சா?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. ஏறிவிட்டேன். பூனையை எட்ட இன்னும் ஒரு முழம் இருக்கும்போது காலடியில் ஓடு உடைந்தது. வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கீழே ஒப்பாரி சட்டென்று நின்றது.

"ஆத்தாடீ, எமன் இன்னும் போகலயே!" என்று யாரோ அலறினார்கள்.

"நான்தான் அத்தை, பக்கத்து வீடு… பூனை…" என்றேன் ஓட்டைப் பார்த்து.

பெரியவரின் மனைவி நிதானமாகச் சொன்னார்: "வாசக்கதவு தொறந்துதான கெடக்கு தம்பி. அது வழியா வரக் கூடாதா?"

உள்ளே ஓடிவந்த செல்லம்மா, பிணத்துக்கு நேர் மேலே தொங்கிய என் காலைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்குக் கூரையிலேயே உயிர் போய்விடக் கூடாதா என்றிருந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. பிள்ளையைக் குழியில் இறக்கியபோது வராத அழுகை.

"அழு தாயி. அம்புட்டையும் அழுது தீத்துரு" என்று அந்த அம்மா, தன் துக்கத்தை விட்டுவிட்டு இவளைக் கட்டிக்கொண்டார்.

என் காலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்து யாரோ ஒருவர் உள்ளங்காலில் கைகொடுத்து மேலே தள்ளிவிட்டார்.

பூனை எப்போது இறங்கியது என்று தெரியாது. மறுநாள் செல்லம்மாவின் மடியில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றாள்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் எங்கே சாவு விழுந்தாலும், என் தலை தெருவில் தெரிந்ததும் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்: "வாசக்கதவு தொறந்துதான் கெடக்கு, வாங்க."

போன வருஷம் செல்லம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, நான் உள்ளே போகமுடியாமல் தெருவிலேயே நின்றேன். என் மகள் வந்து அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள்.

நான் சிரித்துவிட்டேன்.