கரியமிலானந்தரின் தீர்த்தம்

புதுச்சேரி உப்பளத்துக் கல்யாண மண்டபத்தில் அப்படியொரு கூட்டம். மணமக்கள் யாரும் இல்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. எல்லார் கையிலும் பாஸ்போர்ட். வந்திருப்பவர் ஸ்ரீலஸ்ரீ கரியமிலானந்த சுவாமிகள். விமானப் புகை தோஷத்தைக் கழிப்பதற்கென்றே பூமிக்கு அனுப்பப்பட்டவராம். அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு மாமனாவது மச்சானாவது உண்டு. சாமியார் அதை மோப்பம் பிடித்திருந்தார். விமானம் கக்கும் கரியைக் குறைக்க உலக நாடுகள் கூடிக்கூடிப் பேசுவது உண்மை. கக்கியதற்கு ஈடாக மரம் வளர்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருப்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஜம்மென்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாடுகள் மரத்தால் கழிக்கின்றன, நீங்கள் மந்திரத்தால் கழியுங்கள் என்பது உபதேசம்.

சோதனை எளிது. டம்ளரில் தெளிந்த தீர்த்தம். ஸ்ட்ராவை விட்டு ஊத வேண்டும். பால் மாதிரி வெளுத்தால் தோஷம். வெளுக்காத ஆளே இல்லை. தட்சணை வைத்துவிட்டு இரண்டாவது டம்ளரில் ஊதினால் தெளிவாகவே நிற்கும். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

போன வருஷம் பாரிசுக்குப் போய்வந்த முதலியார்பேட்டைக் கொளஞ்சியும் ஊதினாள். வெளுத்தது. அங்கே மகள் துர்காவுக்கு இன்னும் இருபது நாளில் தலைப்பிரசவம். டிக்கெட் தயார்.

"இந்தத் தோஷத்தோட போனா பொறக்கற கொழந்தைக்கு மூச்சு முட்டும்மா. ஒரு மண்டலம் இங்கயே வெளக்கு போடுங்க" என்றார் சாமியார்.

நாற்பத்தெட்டு நாள். மகள் தனியாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். கொளஞ்சி டிக்கெட்டை ரத்து செய்துவிடுவதாக அழுதுகொண்டே தலையாட்டினாள்.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டு செல்வாம்பாள் அழவில்லை. முப்பது வருஷமாக வெற்றிலைக் கடை வைத்திருப்பவள். டம்ளரின் அடியில் படிந்த வெள்ளை அவளுக்குத் தெரிந்த சரக்கு.

வாசலில் கோலி சோடா விற்ற மஜீத் பாயைக் கூப்பிட்டு ஊதச் சொன்னாள். அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. தீர்த்தம் வெளுத்தது. சாமியார் அசரவில்லை. போன ஜென்மத்தில் பாய் பறவையாக இருந்தாராம். கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

செல்வாம்பாள் ஒரு சோடாவை உடைத்து, புது டம்ளர் தீர்த்தத்தில் கொஞ்சம் ஊற்றினாள். வெள்ளை வெளேர்.

"இந்த சோடா எந்த ஏரோப்ளேன்ல போயிட்டு வந்துச்சி சாமி?"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் விடவில்லை. தட்சணைக்கு அப்புறம் ஊதக் கொடுக்கும் இரண்டாவது டம்ளரிலும் ஊற்றினாள். வெளுக்கவில்லை. அது வெறும் குழாய்த் தண்ணீர்.

"மொதல் டம்ளர்ல சுண்ணாம்புத் தண்ணி. சோடாவுல இருக்கற அதே காத்துதான் நம்ப மூச்சுலயும் வருது, யார் ஊதுனாலும் வெளுக்கும். மூச்சே வுடாத ஆளா பார்த்து ஊதச் சொல்லுங்க சாமி, தெளிவா நிக்கும்."

சாமியார் தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். காற்றில் பறந்து போவார் என்று சிலர் காத்திருந்தார்கள். சமையற்கட்டு வழியாக ஓடி ஆட்டோவில் போனார்.

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாக்கா, பொட்டி கட்டணும்" என்றாள்.

விமானப் புகை பொய்யில்லை, வரிசையில் நின்ற ஐயாமார்களே. எஞ்சினையும் எரிபொருளையும் மாற்றி அதைக் குறைக்க எங்கெங்கோ எத்தனையோ பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நீங்களோ தட்சணையும் கொடுத்து டம்ளரில் ஊதிக்கொண்டிருந்தீர்கள். ஊதுவதற்கு அவ்வளவு நேரம் திறந்த வாயை, 'எப்படி?' என்று கேட்க ஒரு நொடி திறந்திருக்கக் கூடாதா?