கருநாக்கு மெக்கானிக்

இடது பக்கச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் ட்ராக் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. வலது பக்கம் மட்டும் ஓடியதால், மண் தோண்டும் அந்தக் குட்டி இயந்திரம் அரைவட்டம் அடித்து, கேட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால், வெளியே வர வழியில்லாமல் வீட்டுக்காரரின் கார்.

மெக்கானிக் வந்து இறங்கியதுமே முதலாளியிடமிருந்து போன். "பன்னிரண்டு மணிக்கு மெஷின் அடுத்த சைட்ல நிக்கணும். இல்லன்னா நீ வேற வேலை பார்த்துக்க."

நல்லவேளை, பெரிய கோளாறு இல்லை. எண்ணெய் போகும் ஹோஸின் இணைப்பு தளர்ந்திருந்தது. இறுக்கினார். இடது ட்ராக் சுற்றியது.

"அவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர்.

வேலை முடிந்தால் பாடம் நடத்தாமல் கிளம்புவது மெக்கானிக்குக்குப் பழக்கமில்லை. "கீழ இந்த வால்வு லூசாகலையேன்னு சந்தோஷப்படுங்க. ஆகியிருந்தா கிரீஸ் வெளிய வந்து, ட்ராக் தொளதொளன்னு ஆகி, கழண்டே போயிருக்கும்."

"அப்படியா? உள்ள போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மெஷினையும் டூல் பாக்ஸையும் நான் பாத்துக்கறேன்."

டீ குடித்துவிட்டு வந்து வண்டியை நகர்த்தினார். ஒரு முழம் போவதற்குள் வலது ட்ராக் கழன்று விழுந்தது.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்குக் கருநாக்கு என்று அவர் மனைவி சொல்வது வழக்கம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி ட்ராக்கை மாட்டினார்.

"இனிமே ஒண்ணும் ஆகாதே?" வீட்டுக்காரர் கவலையோடு கேட்டார்.

"ஆகாது சார். இந்த ரெண்டு ஹோஸும் இடம் மாறினாத்தான் வம்பு. ஒரு பக்கம் முன்னால, ஒரு பக்கம் பின்னால ஓடி, பம்பரமா சுத்தும். அதை யாரு மாத்தப் போறா?"

"கையெல்லாம் கிரீஸ் பாருங்க. உள்ள சோப்பு இருக்கு, நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து இரண்டு லிவரையும் முன்னால் தள்ளினார். இயந்திரம் பம்பரமாகச் சுற்றி, கேட்டின் தூணைச் சாய்த்தது.

மெக்கானிக் அவசரமாக இன்ஜினை அணைத்தார்.

"தூண்தானே, கட்டிக்கலாம். அவசரமே இல்ல, நிதானமா பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக்கின் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மனுஷன். இந்த நல்லவருக்காகவாவது இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு ஹோஸ்களை மாற்றி மாட்டினார். இரண்டு ட்ராக்கும் ஒழுங்காக ஓடின. மணி பதினொன்றே முக்கால்.

"வேற என்னங்க கெடும்?" வீட்டுக்காரர் மூன்று முறை கேட்டார். மெக்கானிக் மூன்று முறையும் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கார அம்மா கைப்பையோடு வெளியே வந்தார்.

"அப்படியே வாயைத் திறக்காம வண்டியை வெளிய எடுத்துடுங்கண்ணே. எங்கம்மாவைப் பார்க்கப் போகணும்னு காலையில நான் சொன்னதுலருந்து, நீங்க சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டிருக்கார்."