ஏர்போர்ட் அக்கா சோதித்த போன்கள்

பெங்களூரில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேரும் சேர்ந்தாலும் எங்கள் ஏர்போர்ட் அக்காவுக்கு உறைபோடக் காணாது. இத்தனைக்கும் அக்காவுக்குக் கோரமங்களாவில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை.

ஈஜிபுராவில் ஒரு லேடீஸ் பி.ஜி. விடுதியின் மூன்றாம் மாடியில் அக்கா, தங்கவயல் ஸ்டெல்லா, நான் மூவரும் ஒரே அறை. கால் சென்டர் வேலை கிடைத்துத் திருப்பத்தூரிலிருந்து பெட்டியோடு போய் நின்ற அன்று, அக்கா எவர்சில்வர் தட்டோடு வாசலுக்கு வந்தார். ஆரத்தி எடுக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"போனை வை" என்றார்.

வைத்தேன். ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து பார்த்தார்.

"டார்ச் லைட்டு ஆப்புக்கு உன் கான்டாக்ட் லிஸ்ட்டு எதுக்கு?"

"தெரியலக்கா."

"தெரியாமயே அலோ பண்ணிட்டியா? அப்படியே வீட்டு சாவியையும் குடுத்துடேன்."

பதினோரு ஆப்களை அழித்து, நான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட அப்டேட்டைப் போட்ட பிறகுதான் என் பெட்டி அறைக்குள் போனது. ஏர்போர்ட் அக்கா என்று பெயர் வைத்தவள் ஸ்டெல்லா.

அக்காவின் போன் கேமராவில் பேண்ட்-எய்ட் ஒட்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டு சார்ஜர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். லாக் நம்பரை அடிக்கும்போது துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொள்வார். ஒரு முறை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பாவம் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாராம். இறங்கியதும் அக்கா லாக் நம்பரை மாற்றிவிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பி.ஜி. ஓனர் ஆன்ட்டிக்குக் கன்னடம் கலந்த தமிழும் ஒரு டேப்லெட்டும் உண்டு. யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை ஃபைலை அதில் திறந்துவிட்டார். பத்திரிகை வரவில்லை. ஆன்ட்டி பெயரில் அதே ஃபைல் பி.ஜி. குரூப்பில் எல்லோருக்கும் வந்தது. அக்கா படியிறங்கி ஓடி, முதலில் வைஃபையை நிறுத்தினார். குரூப்பில் யாரும் அதைத் தொடக் கூடாது என்று மாடி மாடியாகக் கத்திவிட்டு வந்தார்.

"பத்திரிகைன்னா போட்டோவா வரும், பிடிஎஃப்பா வரும். இது ஆப் ஆன்ட்டி. இன்ஸ்டால் பண்ணிட்டீங்க. மொத்தமா அழிச்சு, புதுசா ஆரம்பிக்கணும்."

"ஐயோ, மொம்மகன் போட்டோ எல்லாம் இருக்கம்மா."

பேரன் படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, டேப்லெட்டை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுவந்தார். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உட்காருவதுபோல் ஆன்ட்டி அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அக்காவின் தோசைக்கு மட்டும் நெய்.

அக்காவின் பிறந்தநாளுக்கு நானும் ஸ்டெல்லாவும் ஒரு ஹெட்போனை வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்தோம். அக்கா அதைச் சுடும் பாத்திரம்போல் வாங்கினார். பிரிக்காமல் கட்டிலில் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கடி" என்று மெதுவாக ஆரம்பித்தார். "என் வீட்டுக்காரனும் பொறந்தநாளுக்குத்தான் போன் குடுத்தான். எல்லாத்தையும் அவனே செட் பண்ணிக் குடுத்தான். அதுக்கப்புறம் நான் என் தங்கச்சிக்கு என்ன மெசேஜ் போட்டாலும் சாயங்காலம் அவன் வாயில வரும். 'என்னைப் பத்தி அவகிட்ட என்னடி பொலம்பல்'னு கேப்பான். மனசுக்குள்ள பூந்து பாக்கறான்னு நினைச்சேன். மொதல்ல பெருமையாக்கூட இருந்துச்சு."

அப்புறம் வாய்க்குப் பதில் அவன் கைதான் பேசியிருக்கிறது. சும்மா வைத்திருந்தாலும் போன் சுட்டிருக்கிறது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கியிருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர்தான், முகப்பில் படமே காட்டாமல் ஒளிந்திருந்த ஓர் ஆப்பைக் கண்டுபிடித்தார். அக்கா பேசுவது, எழுதுவது, போகுமிடம் எல்லாம் இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அழிச்சுட்டியாக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

"அழிச்சா தெரிஞ்சிடும்ல. மறுநாள் போனை சார்ஜ்ல போட்டு அடுப்பு மேடையில வச்சுட்டு, வெறுங்கையோட கிளம்பிட்டேன். அவன் மேப்புல நான் சமைச்சிட்டே இருந்தேன். நெஜத்துல ஓசூர் தாண்டிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களால் முடியவில்லை.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை மூவரும் விவேக் நகர் சர்ச்சுக்குப் போனோம். நானும் ஸ்டெல்லாவும் நின்ற படத்தை, எடுத்த இடத்தின் பெயரோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டேன். பின்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அக்காவின் பாதி முகம் அதில் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பி.ஜி. பெயர்ப்பலகைக்கு அடியில் நான் நிற்கும் பழைய படமும் என் இணையப் பக்கத்திலேயே இருந்தது.

நான்காம் நாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையும் ஸ்வீட் பாக்ஸுமாக ஓர் ஆள் கேட்டில் நின்றான். தன் போனில் அந்த சர்ச் படத்தைக் காட்டி, என் பெயரைச் சொல்லி, என் ரூமில் இருப்பது தன் மனைவி என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அந்த மாதிரி யாரும் இங்க இல்லப்பா" என்று ஆன்ட்டி கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். அவன் எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"போயிருக்கேன்டி. 'புருஷன்தானம்மா, அனுசரிச்சுப் போ'ன்னாங்க."

அக்காவுக்கு இரண்டே பைகள். பின்பக்கச் சந்தில் ஆன்ட்டியே காரை ஓட்டிவந்து அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள அத்திபெலேயில் இறக்கிவிட்டார். பஸ் வருவதற்குள், "என்னாலதானேக்கா" என்றேன்.

"நீ போட்டோ போட்டது கவனக்குறைவு. அவன் தேடி வந்ததுதான் தப்பு. ரெண்டையும் ஒண்ணாக்காத."

"புது நம்பர் வாங்கினா எனக்கு மட்டும் சொல்லுக்கா."

அக்கா என் கன்னத்தைத் தொட்டார். "மாட்டேன். உனக்குத் தெரியாததை யாராலயும் உங்கிட்டேருந்து பிடுங்க முடியாது."

எந்த ஊர் பஸ் என்று நான் பார்க்கக் கூடாது என்றார். திரும்பி நின்றுகொண்டேன். பஸ் போன சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வப்போது அவருடைய உண்மைப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடிப் பார்ப்பேன். ஒன்றும் வராது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும்.