மாப்பிள்ளைக்கு வந்த நெல்லின் சேதி

கல்யாண வீட்டில் யாரும் கேட்காத வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஆள் ஒன்று கட்டாயம் இருக்கும். சரண்யா அக்காவின் கல்யாணத்தில் அந்த ஆள் அவள் தங்கையான நான். (அப்போது கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற வயது.)

எங்களுக்கு நல்லேப்பிள்ளியில் வயல். ஆவணிக் கடைசி முகூர்த்தம், முதல் போக அறுவடை, மழை, மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஈர நெல்லைக் காய வைக்க வீட்டுக் கொட்டகையில் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட சின்னசாமி அண்ணனுக்காக முன்பே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். நெல்லின் ஈர அளவு இணையம் வழியாக என் லேப்டாப்புக்கு வரும். ஒரு கணினி நிரல் அதைப் பார்த்து ஒரு வரி எழுதும். இன்னொரு நிரல் அந்த வரியை அண்ணனின் போனுக்கு அனுப்பும்.

அதே லேப்டாப்பில் கல்யாணத்துக்கும் இரண்டு நிரல்கள் எழுதினேன். நான் தட்டச்சு செய்வதை ஒன்று வாங்கிக்கொள்ளும். மற்றது அதை, கல்யாண மண்டபமான ஆடிட்டோரியத்தின் வாசலில் இருந்த பெரிய மின்பலகையில், ‘மணமகன் பிரபு’ என்ற பெயருக்குக் கீழே காட்டும்.

இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள நினைவகத்தில் ஒரு பொது அறை வேண்டும். அந்த அறைக்குச் சாவியாக ஓர் எண் வேண்டும். ‘எஃப்டோக்’ என்றொரு வசதி அந்த எண்ணைச் செய்து தரும். ஏதாவது ஒரு கோப்பைக் காட்டினால் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது. கோப்பின் பதிவெண்ணையும் அது இருக்கும் வட்டின் எண்ணையும் சேர்த்துப் பிசைந்து ஒரு சாவி கொடுக்கும். கோப்பே இல்லையென்றால் மைனஸ் ஒன்று என்று சொல்லும். அது சாவி இல்லை, ‘கோப்பைக் காணோம்’ என்ற புகார். அதை வாங்கிச் சரிபார்ப்பது எழுதுகிறவர் பொறுப்பு. நான் சரிபார்க்கவில்லை. (புகாரெல்லாம் மற்றவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.)

நெல்லுக்கு ஒரு கோப்பு, கல்யாணத்துக்கு ஒரு கோப்பு. இரண்டையும் தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவில் போட்டு வைத்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் அந்த அடைவு காலியாகிவிடும்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் கரண்டு போனது. என் லேப்டாப்பின் பேட்டரி ஏற்கெனவே சீவனற்றது, அதுவும் அணைந்தது. ஜெனரேட்டர் வந்ததும் மறுபடி போட்டேன். நான்கு நிரல்களும் தாமாகவே கிளம்பின. கோப்புகள் இரண்டும் காணாமல் போயிருந்தன. நான்கு பேருக்கும் மைனஸ் ஒன்று. நான்கு பேரும் அதையே சாவி என்று எடுத்துக்கொண்டு ஒரே அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ‘வருக வருக’ என்று தட்டினேன், பலகையில் வந்தது. கொட்டகையில் சின்னசாமி அண்ணனின் போனுக்கும் போயிருக்கிறது. இந்தக் கூட்டத்திலும் தன்னை நினைத்தார்களே என்று அவர் நெகிழ்ந்து போனாராம்.

மாப்பிள்ளை காரிலிருந்து மழையில் இறங்கி, தலையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். பலகை மாறியது.

மணமகன் பிரபு. ஈரம் அதிகம். இன்னும் காய வேண்டும்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய தாய்மாமா சிரிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர், பட்டுச் சட்டையில் விறைப்பாக நின்று அப்பாவைக் கேட்டார்.

“ஏனுங்க, எங்க பையன் என்ன நெல்லுங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று தெரியாததால், தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ‘காலைப் பலகாரம் தயார். உடனே சாப்பிட வரவும்’ என்று தட்டினேன். அதுவும் கொட்டகைக்குப் போனது. ஈரம்தான் அதிகமாக இருக்கிறதே, மிஷின் பாட்டுக்கு ஓடட்டும் என்று சின்னசாமி அண்ணன் அதை ஓடவிட்டு, குளித்து வேட்டி மாற்றி, நிதானமாக வண்டியை எடுத்தார்.

மழைக்குப் பயந்து போனைப் பைக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் நெல் காய்ந்துவிட்டது. தாலி கட்ட அரை மணி நேரம் இருந்தது.

மணமகன் பிரபு. பதம் சரி. உடனே மூட்டை கட்டவும்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். மூட்டை கட்டச் சொன்ன இடத்தில் இனி நிற்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மணமகள் அறைக் கதவைத் திறந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையில் உறவு முறிவதற்கான எல்லா அறிகுறிகளும் இருந்தன. லேப்டாப்பை மூட எனக்குக் கை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் சின்னசாமி அண்ணன் பலகாரம் சாப்பிட உள்ளே நுழைந்தார். பலகையைப் படித்தார். அந்த மண்டபத்தில் அந்த வரி புரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

“கோவிச்சுக்காதீங்க. அது மாப்பிள்ளைக்கு இல்லீங்க, நம்ம கொட்டாய்ல இருக்கற நெல்லுக்குங்க” என்றார்.

மாமாவின் முகம் மாறியது. “அப்ப மிசினு இன்னும் ஓடிட்டிருக்குதா?”

“ஆமாங்.”

மாமாவும் விவசாயி. அதற்கு மேல் காய்ந்தால் அரிசி நொறுங்கும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பிப் போகத் தேடி எடுத்த அதே சாவியோடு ஓடி, சின்னசாமி அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பறந்தார். கெட்டிமேளம் தொடங்கும்போது திரும்பி வந்தார். பட்டுச் சட்டை முழுக்க உமித் தூசி. மேடைக்குப் பக்கத்தில் நின்று, பாதி நெல்லைக் காப்பாற்றிவிட்டதாக அப்பாவின் காதில் சொன்னார். அப்பா அட்சதை போட மறந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

மீதிப் பாதி ஆலையில் குருணையாக வந்தது. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் குருணை உப்புமா. (மறுப்புச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும் இல்லை.) அன்றிலிருந்து நான் எழுதும் எந்த நிரலும் மைனஸ் ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்று அலறும்.

மாமா இப்போதும் எனக்குப் போன் செய்வார். சௌக்கியமா என்று கேட்க மாட்டார். “அம்மிணி, எங்க பிரபு பதமாயிட்டானா?” என்பார். அக்கா பக்கத்தில் இருந்தால் போனைப் பிடுங்கி அவளே பதில் சொல்லிவிடுகிறாள்.

“இல்லீங் மாமா. இன்னும் ரெண்டு வெயிலு காயோணும்.”