ஆசீர்வாதம் சொன்ன ஆமென்

2025ஆம் ஆண்டு ஜனவரி 18, சனிக்கிழமை. காலையில் எதிர்வீடு தெரியாத பனி. பத்து மணிக்குமேல் முதுகைச் சுடும் வெயில். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் மேற்பார்வையாளரான ஆசீர்வாதம், தம் வாழ்நாளின் மாபெரும் சூழ்ச்சியை அன்றுதான் அரங்கேற்றப் புறப்பட்டார்.

ஒரே மகள் ஸ்நேகா, மணமாகி வேப்பம்பட்டில் குடியிருந்தாள். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, வாராவாரம் அங்குப் போய் நிற்பார். போனவர் சும்மா இருப்பாரா? கட்டிலை இடம் மாற்றுவார். மாட்டிய திரைச்சீலையைக் கழற்றித் துவைப்பார். அவர் தலை தெரிந்ததும் மருமகன் ராபின் மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அதை மரியாதை என்று எண்ணிப் பூரித்தார் மாமனார்.

அவர்கள் கூப்பிட்டால் மட்டுமே போகவேண்டும் என்று மனைவி விக்டோரியா பொங்கலன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவேதான் சூழ்ச்சி. வேப்பம்பட்டுப் போதகரைப் பிடித்து, சனிக்கிழமைதோறும் மகள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்த ஏற்பாடு செய்தார். ஜெபிக்க வருகிறவனை வாசலில் நிறுத்த யாருக்கு நெஞ்சு வரும்? விக்டோரியா மறுக்கவில்லை, தாமும் வருவதாகப் புடவை மாற்றிக்கொண்டார். அப்போதே ஆசீர்வாதம் விழித்திருக்க வேண்டும்.

ஸ்நேகா வீட்டில் முதல் கூட்டம் கூடியது. பாட்டு முடிந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டார். ஒருவர் மூட்டுவலியைச் சொன்னார். ஒருவர் மகனின் வேலையைச் சொன்னார். விக்டோரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாஸ்டர், எங்க ஊட்டுக்காரருக்காக ஜெபிக்கணும். பொண்ணக் கட்டிக் குடுத்துட்டாரு, வுடத்தான் முடியல."

"இன்னாடி இது, நாலு பேரு எதிர்ல?"

"ஆண்டவர் எதிர்ல மறைக்கக் கூடாதுங்க." விக்டோரியாவின் குரல் உடைந்தது. "அவ ரூம் காலியா கெடக்குது, பாஸ்டர். உள்ள போறப்போ இன்னும் கதவத் தட்டறாரு. காலி ரூமுக்குத் தட்டறாரு, இந்த ஊட்டுக்கு மட்டும் தட்டாம வர்றாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்நேகா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெற்றோரை விட்டு வந்து இல்லறம் தொடங்கிய பிள்ளைகளுக்காகவும், பிள்ளையை விடவேண்டிய பெற்றோருக்காகவும் போதகர் நெடுநேரம் ஜெபித்தார். இந்த வீட்டுக்குள் தகப்பன் விருந்தாளியாக வரும் கிருபையைக் கேட்டார். யாருக்காக ஜெபமோ அவரே முதலில் ஆமென் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். எல்லோரும் கண்களை மூடிக் காத்திருந்தார்கள். சொன்னால், மகள் வீட்டுக் கதவைத் தம் வாயாலேயே சாத்தியதாகும். சொல்லாவிட்டால், ஆண்டவருக்கே மறுப்புச் சொன்னதாகும்.

"சொல்லு, நைனா," என்றாள் ஸ்நேகா, மிக மெதுவாக.

ஆசீர்வாதம் சொன்னார்.

திரும்பும் வண்டியில், தம்மைச் சபை நடுவில் மடக்கிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார். விக்டோரியா சன்னல் பக்கம் திரும்பிக் கண்களைத் துடைத்தார்.

"எனக்கும் அவ ஒருத்திதான்," என்றார்.

ஜெபக்கூட்டம் மறுவாரமே வேறொரு வீட்டுக்கு மாறியது. ஆசீர்வாதத்துக்கு முதல் அழைப்பு ஈஸ்டருக்கு வந்தது. ராபினே போன் செய்தான். அதற்குள் விக்டோரியா நான்கு முறை போய்வந்திருந்தார். நான்கு முறையும் அவர்களேதாம் கூப்பிட்டிருந்தார்கள்.